முன்னால் போகும் கொடி

வால்ப்ரூன் கோட்டை,
புனித லூக்கா திருநாள், அக்டோபர் 18, 1423

என் பிரபு கோஷே அவர்களுக்கு, உங்கள் மனைவி பெரனெல் எழுதுவது.

முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு படித்தால் பாதியிலேயே கசக்கி எறிந்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

கோட்டையை நான் விட்டுவிடவில்லை. ஆனால் விடுவதற்கு நாள் குறித்துவிட்டேன். வேறு வழியில்லை. இங்கிலீஷ்காரர்களின் பீரங்கி வடக்கு மதிலின் மேல்பாதியை இடித்துவிட்டது. வயிற்றுக்கடுப்பில் வீரர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நிற்கிறவர்களிலும் பாதிப்பேர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். குதிரைகளைத் தின்று தீர்த்தாயிற்று. கடைசியில் கிழட்டு வாத்து ஒன்று மட்டும் முற்றத்தில் ராஜா மாதிரி நடந்துகொண்டிருக்கிறது.

ஒப்பந்தம் இதுதான். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் நடுப்பகலுக்குள் நம் அரசரின் படை கோட்டைக்கு முன்னால் வந்து அணிவகுத்து நிற்க வேண்டும். வந்தால் முற்றுகை முடிந்தது. வராவிட்டால் நான் கதவைத் திறந்துவிட வேண்டும்; எல்லாரும் உயிரோடு வெளியே போகலாம். அதுவரை அவர்களும் சுட மாட்டார்கள், நாமும் மதிலைச் செப்பனிடக் கூடாது. தூது போக சகோதரர் லூபனை மட்டும் விடுகிறார்கள். சாம்பல் அங்கிச் சாமியாரைத் தடுத்தால் பாவம் என்று பயம் போலிருக்கிறது.

இனிமேல்தான் சொல்லக் கடினமானது. ஒப்பந்தத்துக்குப் பிணையாக ஆள் கேட்டார்கள். ஓபேர் போயிருக்கிறான்.

நான் அனுப்பவில்லை. என் தம்பி என்று காட்டி அனுப்ப எனக்கு மனம் வருமா? இங்கிலீஷ்காரத் தளபதி ஆஸ்டெல், “பிரபு குடும்பத்து ஆள்தான் வேணும்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவனே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். “இங்க இருந்தா குதிரைத் தோலு. அங்க போனா மாட்டுக்கறி. நான் என்ன முட்டாளா அக்கா?” என்றான். எல்லாரும் சிரித்தோம். அவன் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப் போனதும், அவன் தொப்பி மறைகிறவரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன நாளில் கதவைத் திறக்காவிட்டால் அவன் தலை போகும். இது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

வாருங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

பெரனெல்



ஒர்னெல் ஆற்றங்கரைப் பாளையம்,
அக்டோபர் 24

பெரனெலுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து நாற்காலியை உடைத்தேன்.

யாரைக் கேட்டு நாள் குறித்தாய்? நான் என்ன செத்தா போய்விட்டேன்? நூற்றைம்பது வருடமாக எங்கள் வம்சத்தில் எவனும் வால்ப்ரூன் கதவுக்கு நாள் குறித்ததில்லை. நான் சொல்லச் சொல்ல லூபன் எழுதுகிறார். இந்த வரிக்கு முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

சரி, ஆனது ஆகிவிட்டது. கோபம் இறங்கிவிட்டது. நீ அந்த மதிலுக்குள் என்ன பட்டாயோ, நான் இங்கே வறுத்த கறி தின்றுகொண்டு பேசுகிறேன். என்னைத் திட்டிக்கொள்.

நல்ல செய்தி கேள். அரசரின் பிரதிநிதி எங்களுக்குப் படை தந்துவிட்டார். பெரிய படை, பெரனெல். ஆற்றங்கரை முழுக்கக் கூடாரம். க்ரோமோன் பிரபுவும் தன் ஆட்களோடு வந்து சேர்ந்திருக்கிறான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான், ஞாபகம் இருக்கிறதா? நம் கல்யாணத்தில் மேசையின் தலைப்பக்கம் உட்கார வைக்கவில்லை என்று சாப்பிடாமல் போனானே, அவனேதான். மனிதன் மாறவில்லை.

இங்கிருந்து வால்ப்ரூன் ஒரு நாள் நடை. மார்ட்டின் திருநாளுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. ஓபேரிடம் சொல், அந்த வாத்தை அறுத்து அவனும் நானும் ஒரே தட்டில் தின்போம். அவன் என் மைத்துனன் மட்டுமில்லை. காலொடிந்து சேற்றில் கிடந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன். அவன் தலைக்கு ஒன்று வர நான் விடுவேனா?

கோஷே



வால்ப்ரூன்,
சகல புனிதர் திருநாளுக்கு முந்திய நாள், அக்டோபர் 31

என் பிரபுவுக்கு,

உங்கள் கடிதத்தை ஓபேருக்கு வாசித்துக் காட்டினேன். தினமும் காலையில் அவனை அகழிக்கரை வரைக்கும் விடுகிறார்கள். நான் மதில்மேல் நிற்பேன், அவன் கீழே. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவதை இரண்டு பக்கத்து வீரர்களும் கூத்துப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

“என்னடா, ஒழுங்கா சாப்பாடு போடறாங்களா?”

“கறி நல்லாத்தான் இருக்கு. பீருதான் குதிரை மூத்திரம் மாதிரி இருக்கு.”

“நீ எப்போடா குதிரை மூத்திரம் குடிச்சே?”

“உன் சமையல்காரன் கஞ்சியில கலந்தானே, மறந்துட்டியா?”

இப்படித்தான் போகும். நேற்று வாத்தைப் பற்றிச் சொன்னதும், “அத்தான் வந்துருவாரு. அந்தக் கெழவாத்தைக் கொஞ்சம் கொழுக்க வை” என்றான். எதைப் போட்டுக் கொழுக்க வைப்பது? என் ரொட்டியில் பாதியை அதற்குத்தான் பிட்டுப் போடுகிறேன். மற்றவர்கள் பார்த்தால் கலவரமாகிவிடும் என்று மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு போய்ப் போடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். ஆறு ஒரு நாள் நடை என்கிறீர்கள். படை கூடிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள்? லூபனிடம் கேட்டேன். அவர் செபமாலையை உருட்டிக்கொண்டு, “பிரபுவே எழுதுவார் அம்மா” என்றார். என் கண்ணைப் பார்க்காமலே அதைச் சொன்னார்.

பெரனெல்



ஒர்னெல் பாளையம்,
நவம்பர் 3

பெரனெலுக்கு,

ஒளிக்க என்ன இருக்கிறது? சொல்லிவிடுகிறேன்.

முன்னணிப் படையை க்ரோமோன் நடத்துவான் என்று பிரதிநிதி முன்பே அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் முழுக்க என் மண். தன் மண்ணில் படை நடக்கும்போது அந்த மண்ணின் பிரபுவின் கொடிதான் முன்னால் போகும். இது நான் உண்டாக்கின சட்டமா? என் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற உரிமை.

கூடாரத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். க்ரோமோன் என்ன சொன்னான் தெரியுமா? “வால்ப்ரூன்காரங்களுக்குப் பின்னால நிக்கறது பழக்கமாச்சே கோஷே. உங்கப்பாவுக்கு அது நல்லா ஒத்து வந்துச்சே!” என்றான்.

கூடாரமே சிரித்தது.

உனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்களோடு சண்டை நடந்த அஸின்கூர் களத்தில் என் அப்பாவைப் பின்னணியில்தான் நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் சேற்றில் செத்தார்கள். அப்பா வாளை உருவக்கூட வழியில்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். உயிரோடு வந்தது குற்றமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த விருந்துக்கும் போகவில்லை. சாகிறவரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். நான் அதையெல்லாம் கண்ணால் பார்த்தவன். என் சொந்தக் கோட்டையை மீட்கப் போகும்போதும் நான் க்ரோமோனின் குதிரை வாலைப் பார்த்துக்கொண்டு போனால், நாளை நம் பெயரை எவன் மதிப்பான்?

வழக்கு அரசரின் பிரதிநிதியிடம் போயிருக்கிறது. இரண்டொரு நாளில் தீர்ப்பு வரும். கவலைப்படாதே.

கோஷே



வால்ப்ரூன்,
நவம்பர் 5

கோஷே,

பிரபு கிரபு என்று எழுத இன்று பொறுமை இல்லை.

பின்னால் வாருங்கள். க்ரோமோனுக்குப் பின்னால் வாருங்கள், அவனுடைய சமையல்காரனுக்குப் பின்னால் வாருங்கள், மூட்டை வண்டியில் படுத்துக்கொண்டு வாருங்கள், எனக்கென்ன? வந்தால் போதும். மதில்மேல் நின்று பார்க்கிறவளுக்கு எந்தக் கொடி முன்னால், எந்தக் கொடி பின்னால் என்று தெரியுமா? படை வந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும்.

உங்கள் அப்பாவை நானும் பார்த்திருக்கிறேன். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியது ஊர் சிரித்ததற்காக இல்லை. அந்தக் களத்தில் செத்துப்போன தன் அண்ணனுக்காக அழுதார். என்னிடம் ஒரு நாள் சொல்லியிருக்கிறார். உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் நீங்கள் எப்போதும் அவரிடம் எங்கே நின்றீர்கள், எந்த வரிசையில் நின்றீர்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஓபேரிடம் இந்த வழக்கைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். காலடியில் கிடந்த கல்லை எடுத்து அகழிக்குள் எறிந்தான். அப்புறம் வழக்கம்போலப் பல்லைக் காட்டினான்.

“அத்தான் முன்னால வந்தாத்தான் அழகு. பின்னால வந்தா அவரு மூக்கு தெரியாதே!”

“விளையாடாதடா. எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் இல்லையா? ஆனா அவரு வர்றேன்னா வருவாரு அக்கா. சொன்ன சொல்லு தப்ப மாட்டாரு. நீ நல்லாத் தூங்கு.”

பக்கத்தில் நின்ற ஆஸ்டெல் என்ன பேசுகிறோம் என்று கேட்டிருக்கிறான் போலும். ஓபேர் எதையோ சொல்ல, அவனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது, சேர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பெரனெல்



ஒர்னெல் பாளையம்,
நவம்பர் 9

என் கண்ணே பெரனெல்,

ஜெயித்துவிட்டோம்! இன்று காலை தீர்ப்பு வந்தது. முன்னணி எனக்கு. க்ரோமோனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எலுமிச்சம்பழத்தைக் கடித்தவன் மாதிரி இருந்தான்.

நாளை கொடியை மந்திரிக்கப் பூசை, அதற்கு மறுநாள், அதாவது மார்ட்டின் திருநாளன்று, விடியலில் புறப்பாடு. காலாட்படையை விட்டுவிட்டுக் குதிரைப் படையோடு வேகமாக வந்தால் நடுப்பகலுக்கு வால்ப்ரூன் முன்னால் நிற்பேன். இது என் சொல்.

ஒருவேளை கொஞ்சம் முன்பின் ஆனாலும் கதவைத் திறந்துவிடாதே. இதை நன்றாகக் கேள். கட்டின மனைவி தன் பிரபுவின் சம்மதம் இல்லாமல் அந்தக் கதவைத் திறக்க முடியாது, திறக்கிறேன் என்று ஒப்பந்தம் போடவும் முடியாது. சட்டம் படித்தவர்களைக் கேட்டுவிட்டேன். ஆக நீ போட்ட ஒப்பந்தமே செல்லாது. செல்லாத ஒப்பந்தத்துக்கு ஏது பிணை? ஆஸ்டெலும் பிரபு வம்சம்தான். பேச்சுக்கு மிரட்டுவான், அவ்வளவுதான். கூடச் சதுரங்கம் ஆடினவனை எவனாவது வெட்டுவானா?

மறுபடி சொல்கிறேன். என் சம்மதம் இல்லாமல் வால்ப்ரூன் கதவு எவனுக்கும் திறக்காது.

வாத்தை அறுத்து வை.

கோஷே



வால்ப்ரூன்,
நவம்பர் 10, மாலை

கோஷே,

லூபன் இதை எடுத்துக்கொண்டு, ஆஸ்டெல் கொடுத்த குதிரையில் இப்போதே புறப்படுகிறார். சீக்கிரம் எழுதி முடிக்க வேண்டும்.

நம் கதவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பீரங்கிக்குப் பயந்து உள்பக்கம் கல்லும் மண்ணும் சாணமும் கொட்டி அடைத்திருக்கிறோம், ஆள் உயரத்துக்கு. அதை வாரி எடுக்க அரை நாள் ஆகும். வாயில்காவல் திபோ சற்றுமுன் வந்து நின்றான்.

“அம்மா, நாளைக்கு நடுப்பகலுக்குத் திறக்கணும்னா விடியறப்பவே வாரத் தொடங்கணும். இருக்கிற ஆளுங்களுக்குத் தெம்பு இல்லை. அப்புறம் சொன்னீங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது.”

“பிரபு வர்றாரு திபோ.”

“வந்தா ரொம்ப சந்தோஷம். வரலைன்னா?”

எந்தப் பக்கம் யோசித்தாலும் இடிக்கிறது. மண்ணை வாரிவிட்டு நீங்கள் வந்தால், எதிரியோடு சண்டை நடக்கும்போது நம் கதவு பலமில்லாமல் நிற்கும். வாராமல் விட்டு நீங்கள் வராவிட்டால், ஓபேர்.

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். “இது என் சொல்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓபேரும் அதையேதான் சொல்கிறான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லும்போது நான் ஒருத்தி நம்பாமல் இருக்கலாமா?

மண்ணை வார வேண்டாம் என்று திபோவிடம் சொல்லிவிட்டேன்.

என் தம்பியை உங்கள் சொல்லின்மேல் வைத்திருக்கிறேன், கோஷே. கொடியைப் பூசைக்கு விட்டுவிட்டு இன்றே கிளம்புங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பெரனெல்



வால்ப்ரூன் முன்னால், பாளையத்திலிருந்து,
நவம்பர் 12

பெரனெல்,

என் கையாலேயே எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதத்தை நடுராத்திரியில் கொடுத்துவிட்டு உடனே திரும்பிய லூபன், கோட்டைக்குள் உன்னோடு இருக்கிறார் என்றார்கள். கூப்பிட்டு அனுப்பினேன், வர மறுத்துவிட்டாராம். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஓபேர் செய்தி வழியிலேயே வந்தது. குதிரையிலிருந்து இறங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்டெல் மனிதனில்லை. பிரபு வம்சத்து ஆளை ஆட்டை வெட்டுவதுபோல வெட்டியிருக்கிறான். எங்கள் படையைக் கண்டதும் பீரங்கியைக்கூட விட்டுவிட்டு ஓடிவிட்டான், கோழை. அவனை விட மாட்டேன், இது சத்தியம்.

தாமதத்துக்குக் காரணம் என்னுடையது மட்டுமில்லை. நாங்கள் ஆற்றுக்கு வந்தபோது க்ரோமோனின் ஆட்கள் முந்தின நாள் சாயங்காலமே அக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டிருந்தார்கள், தீர்ப்பை மதிக்காமல். அவர்களைத் திரும்ப இக்கரைக்கு வரவழைத்து, பிறகு என் கொடி முதலில் கடந்து, பிறகு அவர்கள் கடந்து, இதில்தான் கொஞ்சம் நேரம் போய்விட்டது. நான் என்ன செய்ய முடியும்?

இப்போது கேள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என் சொந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். மூன்று முறை கொம்பு ஊதிவிட்டார்கள். திபோ மதில்மேலிருந்து, “அம்மா உத்தரவு இல்லீங்க” என்கிறான். முழுப் படையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. க்ரோமோன் ஒன்றும் பேசவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

துக்கத்தில் இருக்கிறாய், புரிகிறது. எனக்கும் துக்கம்தான். கதவைத் திற. சேர்ந்து அழுவோம்.

கோஷே



வால்ப்ரூன்,
நவம்பர் 12

வால்ப்ரூன் பிரபு கோஷே அவர்களுக்கு,

மதிலிலிருந்து இறக்கின கூடையில் உங்கள் கடிதம் வந்தது. அதே கூடையில் இதை அனுப்புகிறேன்.

நேற்று நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடுப்பகல் மணி அடித்தது. ஆஸ்டெல் அகழிக்கரைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். “அம்மணி, கதவு?” என்றான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தான். அவன் கோழை இல்லை, மிருகமும் இல்லை. மறுபடி கேட்டான். மறுபடி பொறுக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவன் கேட்டபோது அழுதுகொண்டிருந்தான். அப்போதுதான் நான் கீழே ஓடினேன். மண்ணை வாருங்கள் என்று கத்தினேன். நானும் வாரினேன். சமையற்காரி, நோயாளிகள், லூபன், எல்லாரும் வாரினோம். என் நகங்கள் பெயர்ந்துவிட்டன. முழங்காலளவுக்குக்கூட இறங்கவில்லை.

மேலே ஓடி வந்து ஆஸ்டெலிடம் சொன்னேன், திறக்கிறோம், வாரிக்கொண்டிருக்கிறோம் என்று. அவனுடைய ஆட்கள் ஏமாற்று என்று கூச்சல் போட்டார்கள். உங்கள் படை வரும்வரை நாள் கடத்துகிறேன் என்றார்கள். பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

லூபன் கயிற்றில் இறங்கிப் போய் ஓபேருக்குக் கடைசிப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அப்புறம் அவன் மேலே பார்த்தான். அவன் நின்ற இடம் பள்ளம், அங்கிருந்து சாலை தெரியாது.

“அக்கா, கொடி தெரியுதா?”

சாலையில் ஒரு காக்கைகூட இல்லை. நான் சொன்னேன்:

“தெரியுதுடா.”

“முன்னால யாரு? அத்தானா?”

“அத்தான்தான்டா. அவரேதான்.”

“நான்தான் சொன்னேன்ல?” என்று ஆஸ்டெலைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சந்தோஷத்தோடு குனிந்தான். ஆஸ்டெலும் ஒரு கணம் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான்.

அப்புறம் சூரியன் சாய்கிற நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். ரொம்ப அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் முன்னால் உங்கள் கொடி. அவனிடம் நான் சொன்ன பொய்யை நீங்கள் அப்படியே எழுத்துக்கு எழுத்து உண்மையாக்கிவிட்டீர்கள், கொஞ்சம் நேரம் கழித்து.

முந்தின நாளே அக்கரையில் ஆட்கள் இருந்தார்கள் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அப்படியே இரவோடு இரவாக நடந்து வந்திருந்தால் காலையிலேயே இங்கே நின்றிருப்பார்கள். அவர்களை ஆற்றுக்குள் திரும்ப இறக்கினீர்கள். அந்த இடத்தைப் படித்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. லூபனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓபேரைச் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறோம். தலையைச் சேர்த்துத் தைத்துத் துணி சுற்றியிருக்கிறேன். வாத்தை அறுக்கவில்லை. அது பாட்டுக்கு முற்றத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ரொட்டிக்காக என் பின்னாலேயே வருகிறது.

கதவைப் பற்றி. நாங்கள் வாரின மண்ணை மறுபடி கொட்டச் சொல்லிவிட்டேன். நேற்று வார முடியாமல் விழுந்தவர்கள்கூட இன்று எழுந்து வந்து கொட்டினார்கள். பிரபுவின் சம்மதம் இல்லாமல் இந்தக் கதவு எவனுக்கும் திறக்காது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். ஓபேருக்குத் திறக்காத கதவு உங்களுக்கும் திறக்காது.

உங்களுக்கு மனக்குறை வேண்டாம். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. உங்கள் மண்ணில், உங்கள் படைக்கு முன்னால், எல்லாருக்கும் முதலில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இப்போது ஒருவரும் இல்லை. அங்கேயே நில்லுங்கள்.

ஓபேரின் அக்கா